டிஜிட்டல் எக்ஸ்ரே படத்தை மேம்படுத்துவது: எந்தப் படியில் என்ன செய்ய வேண்டும், எங்கே கெட்டுப்போகும்

மார்பு எக்ஸ்ரே டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்புகளைப் பைத்தானில் திறந்து, 8-பிட்டாக மாற்றி, ஹிஸ்டோகிராம் ஈக்வலைசேஷன் (சாம்பல் நிலைகளைச் சமமாகப் பரப்பும் முறை) போட்டிருக்கிறீர்கள். படம் பளிச்சென்று வந்தது. ஆனால் ரேடியாலஜிஸ்ட் பார்த்துவிட்டுப் பழைய படமே தேவலை என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படி, சரியான வழி எது என்பது உங்கள் கேள்வி.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஹிஸ்டோகிராம் ஈக்வலைசேஷனுக்கு உடற்கூறு தெரியாது. படத்தில் எது அதிகப் பரப்பைப் பிடித்திருக்கிறதோ அதற்குச் சாம்பல் நிலைகளை அள்ளிக் கொடுக்கும். மார்புப் படத்தில் அதிகப் பரப்பைப் பிடிப்பவை நுரையீரலும், உடலுக்கு வெளியே கதிர் நேரடியாக விழுந்த பகுதியும், கதிரின் பரப்பைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டரின் ஓரமும். இதயத்தின் பின்புறம், மீடியாஸ்டினம் (இரு நுரையீரல்களுக்கும் நடுவே உள்ள பகுதி), உதரவிதானத்தின் கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்குப் பரப்பு குறைவு. அதனால் அவற்றுக்கு மிஞ்சுவது சொற்ப நிலைகளே. நோய் கண்ணில் படாமல் நழுவும் இடங்களும் பெரும்பாலும் இவைதான். போதாக்குறைக்கு, ஒரே சீராக இருக்கும் பகுதிகளில் உள்ள நாய்ஸையும் (தாறுமாறான புள்ளி இரைச்சல்) அது இழுத்துப் பெரிதாக்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிடெக்டரில் பதியாத எதையும் எந்த அல்காரிதமும் கொண்டுவராது. பதிந்திருந்தும் கண்ணுக்கு எட்டாமல் கிடப்பதைத் தெரியும்படி செய்வது மட்டுமே நம் வேலை. ஆகவே ஃபில்டரைத் தேடும் முன், கையில் இருக்கும் கோப்பில் என்ன பதிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

டைகாமில் 0008,0068 என்ற டேக் (தலைப்பகுதியில் உள்ள தகவல் புலம்) இருக்கிறது. அதில் இருப்பது "ஃபார் புராசசிங்" என்றால் அது மூலத் தரவு. "ஃபார் பிரசன்டேஷன்" என்றால் கருவி நிறுவனம் தன் மென்பொருளால் ஏற்கெனவே விளிம்பைக் கூராக்கி, கான்ட்ராஸ்ட்டைச் சமன்செய்து, நாய்ஸைக் குறைத்துத் தந்த படம். மருத்துவமனையின் படச் சேமிப்பான பேக்ஸில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். அதன் மேல் இன்னொரு தடவை ஷார்ப்பனிங் போட்டால் ஒவ்வொரு விலா எலும்பின் ஓரத்திலும் இரட்டைக் கோடு வரும். பிரசன்டேஷன் படம் மட்டுமே இருக்கிறதென்றால் விண்டோவை (திரையில் காட்டும் மதிப்புகளின் எல்லையை) மாற்றுவது, மிக மென்மையான உள்ளூர் கான்ட்ராஸ்ட் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் முழு வரிசையும் மூலத் தரவு கிடைப்பவர்களுக்கானது.

அதே தலைப்பகுதியில் இன்னும் சில டேக்குகளைப் பார்க்க வேண்டும். 0028,0004-ல் மோனோக்ரோம் 1 என்றிருந்தால் சிறிய எண் வெள்ளை, மோனோக்ரோம் 2 என்றிருந்தால் சிறிய எண் கறுப்பு. இதைக் கவனிக்காமல் இரண்டு வகைப் படங்களையும் ஒரே தொகுப்பில் கலந்துவிடுவது அன்றாடம் நடக்கும் பிழை. 0028,0101 எத்தனை பிட் உண்மையில் பயனில் உள்ளது என்று சொல்லும். பெரும்பாலும் 12 அல்லது 14 இருக்கும், கோப்பு 16 என்று ஒதுக்கியிருந்தாலும். 0028,1040-ல் பிக்சல் மதிப்பு நேர்விகிதத்தில் உள்ளதா, லாக் எடுத்ததா என்பது இருக்கும். ஏற்கெனவே லாக் எடுத்த படத்துக்கு மறுபடி லாக் எடுத்தால் படம் சாம்பல் பூசியதுபோல் தட்டையாகிவிடும்.

8-பிட்டுக்கு மாற்றுவதை வேலையின் கடைசிக்குத் தள்ளுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு 12-பிட் மார்புப் படத்தில் மீடியாஸ்டினம் 300 முதல் 600 வரையிலான மதிப்புகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4096 நிலைகளை 256 ஆக்கும்போது ஒவ்வொரு 16 நிலையும் ஒன்றாகச் சுருங்கும். மீடியாஸ்டினம் முழுவதற்கும் கிடைப்பது சுமார் 19 நிலைகள்தான். அதன்பிறகு என்ன மேம்பாடு செய்தாலும் அந்தப் பத்தொன்பதைத்தான் இழுத்து நீட்ட முடியும். படத்தில் படிப்படியாகப் பட்டைகள் தெரியும். ஜேபெக் வழியாக வந்த படம் என்றால் 8×8 கட்டங்களின் எல்லைகளும் கூடவே எழுந்து வரும்.

அடுத்தது கதிரின் அளவு. ஐஇசி 62494-1 தரநிலைப்படி 0018,1411-ல் எக்ஸ்போஷர் இண்டெக்ஸும் (டிடெக்டரை எட்டிய கதிரின் அளவு), 0018,1412-ல் இலக்கு மதிப்பும், 0018,1413-ல் டீவியேஷன் இண்டெக்ஸும் பதிவாகும். டீவியேஷன் இண்டெக்ஸ் என்பது இரண்டின் விகிதத்துக்கு 10-அடிமான லாக் எடுத்து 10-ஆல் பெருக்கியது. இலக்கு 250 ஆக இருந்து படத்தில் 125 வந்திருந்தால் விடை −3. டிடெக்டரை எட்டிய கதிர் பாதிதான். போட்டான்களின் எண்ணிக்கை பாதியானால் சிக்னலுக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் 1.41 மடங்கு குறையும். இப்படிப்பட்ட படத்தில் கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் நாய்ஸும் அதே அளவு ஏறும். டிஜிட்டல் மென்பொருள் பிரகாசத்தைத் தானாகச் சரிசெய்துவிடுவதால், கதிர் குறைந்த படமும் கூடிய படமும் திரையில் ஒரே மாதிரி இருக்கும். ஃபிலிம் காலத்தில் கறுத்துப்போயோ வெளுத்துப்போயோ தன்னைக் காட்டிக்கொடுத்தது இப்போது எண்ணில் மட்டும்தான் தெரிகிறது. எனவே மேம்பாட்டுக்கு எடுக்கும் படங்களை இந்த எண்ணை வைத்து முதலில் பிரித்துவிடுங்கள். நோயாளி அசைந்ததால் மங்கிய படத்தையும் அப்படியே ஒதுக்கிவிடலாம். அதைக் கூராக்கினால் மங்கலான விளிம்பு இரண்டு விளிம்பாகும், அவ்வளவுதான்.

டிடெக்டர் திருத்தங்களைப் பொதுவாகக் கருவியே செய்துவிடும். ஆராய்ச்சிக்காகத் தனி டிடெக்டர் வைத்திருப்பவர்கள் தாங்களே செய்ய வேண்டும். கதிர் இல்லாமல் எடுத்த இருட்டுப் படத்தை நோயாளியின் படத்திலிருந்தும், பொருள் ஏதும் வைக்காமல் எடுத்த சமவொளிப் படத்திலிருந்தும் கழிக்க வேண்டும். பிறகு முதலாவதை இரண்டாவதால் வகுத்து, இரண்டாவதின் சராசரியால் பெருக்க வேண்டும். ஒரே ஒரு சமவொளிப் படத்தை வைத்து இதைச் செய்தால் அதன் நாய்ஸ் எல்லா நோயாளிகளின் படங்களிலும் அச்சாகப் பதியும். 16 படங்களின் சராசரி எடுத்தால் அந்த நாய்ஸ் நான்கில் ஒரு பங்காகும். டிடெக்டரின் வெப்பநிலை மாறும்போது இருட்டுப் படமும் மாறும் என்பதால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். செத்த பிக்சல்களைப் பட்டியலிட்டு, அக்கம்பக்கத்துப் பிக்சல்களின் மீடியனால் நிரப்புங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் மேமோகிராமில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளைப் பிக்சலைப் பின்னால் வரும் ஷார்ப்பனிங் நுண் கால்சியப் படிவு போலவே ஆக்கிவிடும்.

கிரிட் (சிதறிய கதிரைத் தடுக்கும் ஈயப் பட்டைத் தட்டு) கோடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் காரணம் புரியாமல் திண்டாடுகிறார்கள். சென்டிமீட்டருக்கு 40 கோடுகள் உள்ள கிரிட், பிக்சல் இடைவெளி 0.15 மி.மீ. உள்ள டிடெக்டர் என்று எடுத்துக்கொள்வோம். கிரிட்டின் அலைவெண் மி.மீ.க்கு 4. டிடெக்டரின் நைக்விஸ்ட் எல்லை (அது சரியாகப் பதியக்கூடிய உச்ச அலைவெண்) 3.33 மட்டுமே. ஆகவே அந்தக் கோடுகள் 2.67-ல் பொய்யான கோடுகளாக மடிந்து பதியும். முழு அளவில் அவை கண்ணில் படுவதில்லை. 3000 பிக்சல் அகலப் படத்தை அப்படியே 1024-க்குச் சுருக்கினால் அவை மறுபடி மடிந்து சுமார் 2.5 மி.மீ. அகலமுள்ள பட்டைகளாகப் படம் முழுக்க வந்துவிடும். சுருக்கும் முன் காஸியன் மங்கல் கொடுங்கள், அல்லது ஃபூரியே தளத்தில் அந்த அலைவெண்ணை மட்டும் நாட்ச் ஃபில்டரால் வெட்டிவிடுங்கள்.

இனி லாக். திசுக்களுக்குள் கதிர் அடுக்குக்குறி முறையில் குறைகிறது. ஒரு சென்டிமீட்டர் மென்திசு சுமார் 18 சதவீதக் கதிரை எடுத்துக்கொள்ளும் என்று வைப்போம். நுரையீரல் பகுதியில் சிக்னல் 2000 என்றால் அந்த ஒரு சென்டிமீட்டர் கட்டி 360 எண் வித்தியாசத்தைத் தரும். இதயத்தின் பின்புறம் சிக்னல் 200 என்றால் அதே கட்டி தருவது வெறும் 36. லாக் எடுத்த பிறகு இரண்டு இடத்திலும் வித்தியாசம் ஒன்றே. சிதறிய கதிரும் நாய்ஸும் இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு சமமாக வராது. ஆனாலும் பின்னால் வரும் எல்லா வேலைக்கும் இதுதான் அடித்தளம். உங்கள் ஈக்வலைசேஷன் முயற்சி சறுக்கியதற்கு இந்தப் படி விடுபட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நாய்ஸ் குறைப்பு வேண்டுமானால் லாக்குக்கு முன்பே செய்வது நல்லது. எக்ஸ்ரே நாய்ஸ் பாய்சான் வகை. சிக்னல் மாறினால் நாய்ஸின் அளவும் மாறும். அன்ஸ்கோம்ப் மாற்றத்தால் அதை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக்கிவிட்டு, பிஎம்3டி அல்லது நான்-லோக்கல் மீன்ஸ் என்ற நாய்ஸ் குறைப்பு முறையைப் போட்டு, திரும்ப மாற்றலாம். பிக்சல் மதிப்பு என்பது போட்டான் எண்ணிக்கை அல்ல. ஆகவே பல கதிர் அளவுகளில் சமவொளிப் படங்கள் எடுத்து, சராசரிக்கு எதிராக வேரியன்ஸை வரைந்து, அந்தக் கோட்டின் சாய்விலிருந்து மாற்று விகிதத்தைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு குறைப்பது? என் கருத்தில், உங்களுக்குத் தோன்றும் அளவில் பாதி போதும். கொஞ்சம் நாய்ஸ் இருந்தால் ரேடியாலஜிஸ்டின் கண் அதைத் தாண்டிப் பார்த்துப் பழகியது. நுரையீரலின் இடைத்திசு நோயில் வரும் மெல்லிய வலைப்பின்னலும், நிமோதோராக்ஸின் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) மயிரிழைக் கோடும், நுண் கால்சியப் படிவும் நாய்ஸ் இருக்கும் அதே அலைவெண்களில்தான் இருக்கின்றன. எடுத்த நாய்ஸைத் தனிப் படமாக, அதாவது மூலத்திலிருந்து மென்மையாக்கியதைக் கழித்துப் பாருங்கள். அதில் விலா எலும்பின் ஓரமோ ரத்தக்குழாயின் கிளையோ தெரிந்தால் நாய்ஸோடு உடற்கூறையும் வழித்தெடுத்துவிட்டீர்கள்.

கான்ட்ராஸ்ட் வேலைக்கு முன் முகமூடி. கொலிமேட்டர் ஓரம், நேரடிக் கதிர் விழுந்த வெளிப்பகுதி, உலோகம், இடம்-வலம் குறிக்கும் ஈய எழுத்து ஆகியவற்றை விலக்கிவிட்டு, மீதிப் பிக்சல்களில் 0.5 மற்றும் 99.5 பெர்சன்டைல்களை எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் செயற்கை இடுப்பு மூட்டு உள்ள ஒரு படமும் இல்லாத ஒரு படமும் ஒரே அமைப்பில் வெவ்வேறு பிரகாசத்தில் வரும்.

உள்ளூர் கான்ட்ராஸ்ட்டுக்கு எல்லாரும் முதலில் கைவைப்பது கிளாஹே. படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஹிஸ்டோகிராமை ஒரு வரம்பில் வெட்டிச் சமன்செய்யும் முறை இது. நல்ல கருவிதான், ஆனால் ஓப்பன்சிவி நூலகத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதன் கிளிப் எண் (வெட்டும் வரம்பு) ஹிஸ்டோகிராமின் மொத்தப் பெட்டிகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 3000×3000 படத்தில் 8×8 கட்டம் என்றால் ஒரு கட்டத்தில் 1,40,625 பிக்சல்கள். 8-பிட்டில் 256 பெட்டிகள்; கிளிப் 2 என்றால் பெட்டிக்கு 1098 வரை அனுமதி. 16-பிட்டில் 65,536 பெட்டிகள். அதே கிளிப் 2-க்கு அனுமதி வெறும் 4. உங்கள் 12-பிட் தரவு இருப்பதோ 4096 பெட்டிகளில். சராசரியாகப் பெட்டிக்கு 34 பிக்சல்கள். கிட்டத்தட்ட எல்லாமே வெட்டுப்பட்டு, வளைவு நேர்கோடாகி, படத்தில் ஒன்றுமே மாறாததுபோல் இருக்கும். 8-பிட்டில் 2 தரும் விளைவை 12-பிட் தரவில் பெற 32-ஐ ஒட்டிக் கொடுக்க வேண்டும். சைகிட்-இமேஜ் நூலகத்தில் இந்த அளவீடே வேறு. அதன் இயல்பு மதிப்பு 0.01. ஒரு நூலகத்திலிருந்து இன்னொன்றுக்கு எண்ணைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டம் சிறிதாக இருந்தால் விலா எலும்புகளுக்கு இடையே செயற்கையான மேகம் போன்ற நிழல் தோன்றும். அது நுரையீரல் ஊடுருவல் போலவே இருக்கும்.

மருத்துவ வேலைக்கு என் தேர்வு கிளாஹே அல்ல, பல-அடுக்கு முறை. 1983-இல் பர்ட், அடெல்சன் இருவரும் வெளியிட்ட லப்லாசியன் பிரமிடு இதற்கு அடிப்படை. அக்ஃபா நிறுவனத்தின் மியூசிகா மென்பொருள் 1990-களில் இதே வழியை எக்ஸ்ரேக்குக் கொண்டுவந்தது. படத்தை நுண்ணிய விவரத்திலிருந்து பரந்த நிழல் வரை அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். 3000 பிக்சல் படத்துக்கு 8 அல்லது 9 அடுக்குகள் வரும். ஒவ்வொரு அடுக்கிலும் சிறிய வேறுபாடுகளைப் பெரிதாக்கி, பெரியவற்றை அதிகம் தொடாமல் விட வேண்டும். அடுக்கின் உச்ச மதிப்பால் வகுத்து, 0.7 என்ற அடுக்குக்குறிக்கு உயர்த்தி, திரும்பப் பெருக்கினால் போதும். உச்சத்தில் 5 சதவீதம் உள்ள மெல்லிய வேறுபாடு ஏறத்தாழ 2.5 மடங்காகும். 50 சதவீதம் உள்ள விலா எலும்பின் விளிம்பு 1.2 மடங்குதான் ஆகும். பலவீனமானது மேலே வருகிறது, வலுவான விளிம்பு ஒளிவட்டம் போடுவதில்லை; கிளாஹேயையும் சாதாரண ஷார்ப்பனிங்கையும்விட இது மேல் என்பதற்கு அதுவே காரணம். பூஜ்யத்தை ஒட்டி இந்த வளைவு செங்குத்தாகிவிடும் என்பதால், நாய்ஸின் அளவுக்குக் கீழே உள்ள மதிப்புகளுக்கு நேர்விகிதம் மட்டும் வையுங்கள். மிக நுண்ணிய முதல் அடுக்கில் பெருக்கம் 1-ஐத் தாண்ட வேண்டாம். கடைசியில் மிஞ்சும் பரந்த நிழலை 0.7 முதல் 0.8 மடங்காகக் குறைத்தால் நுரையீரலும் மீடியாஸ்டினமும் ஒரே விண்டோவில் தெரியும். அதற்கும் கீழே போனால் இதயம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் அளவுக்குப் படம் தட்டையாகி, எது அடர்த்தி எது காற்று என்ற உணர்வே போய்விடும்.

அன்ஷார்ப் மாஸ்க் எளிமையானது: மூலத்திலிருந்து மங்கலைக் கழித்து, அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கை மூலத்தோடு கூட்ட வேண்டும். பங்கு 0.3 முதல் 0.7 வரை. மங்கலின் அகலத்தைப் பிக்சலில் சொல்லாமல் மில்லிமீட்டரில் வைத்து, 0018,1164-ல் உள்ள பிக்சல் இடைவெளியால் வகுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வேறு டிடெக்டர் வந்ததும் விளைவு மாறிவிடும். இதன் ஆபத்து ஒளிவட்டம். உலோக மூட்டுக்கும் எலும்புக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு எழும். பார்ப்பவருக்கு மூட்டு தளர்ந்துவிட்டதுபோல் தெரியும். நுரையீரலின் வெளி ஓரத்தில் அதே கோடு நிமோதோராக்ஸ் ஆகிவிடும். கோட்டின் அகலம் எல்லா விளிம்பிலும் ஒன்றாகவும், மங்கலின் ஆரத்துக்குச் சமமாகவும் இருந்தால் அது நோயல்ல, ஃபில்டர்.

ஒரே அமைப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மார்பில் செருகிய குழாயின் முனை எங்கே இருக்கிறது என்று பார்க்க வலுவான விளிம்புக் கூர்மை உதவும். அதே படத்தில் இடைத்திசு நோயைத் தேடும்போது அது பொய்யான வலைப்பின்னலை உருவாக்கும். குழாய்க்கென்று தனிப் பதிப்பு ஒன்றைக் கொடுத்து, மூலப் படத்தைப் பக்கத்திலேயே வைப்பதுதான் சரி.

ஆழ்கற்றல் பற்றியும் கேட்பீர்கள். நாய்ஸ் குறைப்பில் அது பழைய முறைகளைத் தாண்டக்கூடியதுதான். சூப்பர் ரெசல்யூஷன் (படத்தின் நுண்மையைச் செயற்கையாகக் கூட்டுவது), கான் (புதிய படங்களை உருவாக்கக் கற்ற நியூரல் வலை) வகை மாடல்களை நோயறிதலுக்கான படத்தில் வைக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். நைக்விஸ்டுக்கு மேலே அவை தருவது பயிற்சிப் படங்களிலிருந்து எடுத்த ஊகம். இல்லாத எலும்பு முறிவை வரையவும், இருப்பதை அழித்து நேர்த்தியான எலும்பாக்கவும் அவற்றால் முடியும். படத்தை ஏஐ வகைப்படுத்திக்குக் கொடுப்பதுதான் நோக்கம் என்றால் மேம்பாட்டின் தேவையே வேறு. மாடல் எந்த முன்செயலாக்கத்தில் பயின்றதோ அதையே கொடுக்க வேண்டும். 1,12,120 படங்கள் கொண்ட செஸ்ட்எக்ஸ்ரே14 தொகுப்பு 1024×1024 அளவுள்ள 8-பிட் பிஎன்ஜியாக வெளியானது. அதில் பயின்ற மாடலுக்குப் பல-அடுக்கு முறையில் மெருகேற்றிய படத்தைத் திடீரென்று கொடுத்தால் விடை மேம்படும் என்று எதிர்பார்க்க வேண்டாம், மோசமாவதற்கே வாய்ப்பு அதிகம்.

திரையை மறந்துவிட்டால் இத்தனையும் வீண். நோயறிதல் திரை டைகாம் பகுதி 14-ல் உள்ள சாம்பல் அளவுகோலுக்கு அளவீடு செய்யப்பட்டிருக்க வேண்டும். பிரகாசம் சதுர மீட்டருக்கு 350 கேண்டெலாவை ஒட்டியும், அறை வெளிச்சம் 50 லக்ஸுக்குள்ளும் இருக்கட்டும். அலுவலக மானிட்டரில் பார்த்துச் சரிசெய்த அளவுருக்கள் அந்தத் திரையில் மிகையாகத் தெரியும். 3 மெகாபிக்சல் திரையில் 9 மெகாபிக்சல் படத்தைத் திரைக்குள் அடக்கிப் பார்த்தால் நுண் விவரம் எதுவும் தெரியாது. ஒரு பிக்சலுக்கு ஒரு பிக்சல் என்று பெரிதாக்கிப் பார்த்துத்தான் ஷார்ப்பனிங்கை எடைபோட வேண்டும்.

சேமிக்கும்போது மூலக் கோப்பின் மேல் எழுதவே கூடாது. புதிய எஸ்ஓபி இன்ஸ்டன்ஸ் யுஐடி (படத்தின் தனி அடையாள எண்), புதிய சீரீஸ் யுஐடி (படத் தொகுதியின் அடையாள எண்) கொடுத்து, 0008,0008-ல் "டிரைவ்டு" என்று குறித்து, 0008,2111-ல் செய்த மாற்றத்தையும் அளவுருக்களையும் எழுதிவையுங்கள். நோயாளியின் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் மென்பொருள் பல நாடுகளில் மருத்துவக் கருவிக்கான அனுமதி பெற வேண்டியது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடைசியாக, மேம்பட்டதா என்று எப்படி அளப்பது. பிஎஸ்என்ஆர், எஸ்எஸ்ஐஎம் இரண்டும் மூலப் படத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்றுதான் சொல்லும். மூலத்தை மாற்றுவதே நோக்கமாக இருக்கும்போது அவற்றால் என்ன பயன்? என்ட்ரோபி கூடியது என்று காட்டும் கட்டுரைகளும் நிறைய உண்டு. நாய்ஸைச் சேர்த்தாலே என்ட்ரோபி கூடிவிடும். முதல் கட்டமாக சிடிராட் போன்ற கான்ட்ராஸ்ட்-விவர ஃபாண்டமை (குழிகள் உள்ள சோதனைத் தகடு) எடுத்து, மேம்பாட்டுக்கு முன்னும் பின்னும் எத்தனை குழிகள் தெரிகின்றன என்று பாருங்கள். அது தேறினால் சிடி ஸ்கேனில் உறுதியான நோயுள்ள, நோயற்ற மார்புப் படங்களைக் கலந்து பல ரேடியாலஜிஸ்டுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளையும் ஒரே அமர்வில் காட்டக் கூடாது. நினைவு கலந்துவிடாமல் இருக்க நடுவே சில வாரங்கள் இடைவெளி வேண்டும். ஆர்ஓசி வளைவின் பரப்பைக் (நோயுள்ளதையும் அற்றதையும் பிரித்தறியும் திறனின் அளவு) கணக்கிடும்போது, தவறாக நோய் என்று சொன்ன எண்ணிக்கையைத் தனியாக எழுதிவையுங்கள். கூர்மை கூட்டிய படங்களில் கண்டுபிடிப்பு விகிதமும் இந்த எண்ணும் சேர்ந்தே ஏறுவதுண்டு. அப்படி ஏறியிருந்தால் பல-அடுக்கின் முதல் இரண்டு அடுக்குகளின் பெருக்கத்தைக் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.